சிவப்பு வளையம் போட்ட இரண்டு கம்பிகள்

உல்போசினைப் பற்றி இப்போது எங்கள் ஊரில் எல்லாரும் நல்லபடியாகப் பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன பிப்ரவரியில் இந்த வாயெல்லாம் எங்கே போயிருந்தது என்று கேட்கத் தோன்றும். ஆனால் கேட்க மாட்டேன். கேட்டால், என் வாய் எங்கே போயிருந்தது என்று முதலில் நான் சொல்லியாக வேண்டும். சரி, சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஷாய்மெர்தென். தராஸ் நகரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். பதினெட்டு வருஷமாகக் கொக்பர் என்ற குதிரை விளையாட்டு அணியில் ஆடுகிறேன். ஓடுகிற குதிரையிலிருந்து சாய்ந்து, முப்பது கிலோ ஆட்டுச் சடலத்தைத் தரையிலிருந்து அள்ளி, தொடைக்கும் சேணத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நாலு பேர் பிடித்து இழுக்க இழுக்க விடாமல் கொண்டுபோய்க் குழியில் போட வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கைதான் தெரியும். வேலை செய்வது கால். தொடை தளர்ந்தால் ஆடு அடுத்தவன் மடிக்குப் போய்விடும்.

அந்தக் காலுக்காகத்தான் மைதானத்துப் பார்வையாளர் மேடைக்கு அடியில் ஒரு ஜிம் இருக்கிறது. ஒன்பது வருஷமாக அதை நடத்துகிறவள் உல்போசின். அவளுக்கு நாற்பத்தாறு வயது, என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அந்தப் பெயருக்கு 'மகன் பிறக்கட்டும்' என்று அர்த்தம். நாலாவது பெண்ணாகப் பிறந்தவளுக்கு அப்பா வைத்த பெயர். அவளுக்கு ஆறு வயதாகும்போது தம்பி பிறந்தான். பெயர் பலித்துவிட்டது என்று குதிரை அறுத்து ஊருக்கே விருந்து வைத்தார்கள். பலித்த பெயரைச் சுமந்தவள் அன்று அடுப்படியில் குடல் கழுவிக்கொண்டிருந்தாள். இதை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

பத்தொன்பது வயதில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் மருமகள் மூத்தவர்களைக் கண்டால் வலது முழங்காலை மடித்து, இரண்டு கையையும் அதன்மேல் வைத்துத் தாழ்ந்து வணங்க வேண்டும். காலையில் மாமனாருக்கு, மாமியாருக்கு, மாமனாரின் அண்ணனுக்கு, அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு. ஏழு வருஷம் வணங்கினாள். புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனான். அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவள் அம்மா வீட்டுக்குத் திரும்பி, சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கப் போனாள். முப்பத்து மூன்று வயதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நாற்காலியிலிருந்து எழவே ஆள் வேண்டும் என்ற நிலைமை.

அல்மாத்தியில் ஒரு டாக்டரம்மா அவளைக் கத்தி வைக்காமல் குணப்படுத்தினாள். இரண்டு செங்குத்துத் தூண்களுக்கு நடுவே மேலும் கீழும் வழுக்கிப் போகிற ஒரு தண்டு. அதைத் தோளில் தாங்கிக் குந்தி எழச் சொன்னாள். எடைத் தட்டு எதுவும் மாட்டாத வெறும் தண்டு. முதல் நாள் மூன்று தடவைக்கு மேல் முடியவில்லை. ஒரு வருஷம் கழித்துத் தன் எடை அளவுக்கு மாட்டிக்கொண்டு எழுந்தாள். ஊருக்கு வந்ததும் அந்த மெஷினைக் காகிதத்தில் வரைந்து தராஸில் ஒரு வெல்டரிடம் கொடுத்துச் செய்து வாங்கினாள். அதுதான் எங்கள் மெஷின்.

அதில் இரண்டு தடுப்புக் கம்பிகள் உண்டு. தூண்களில் வரிசையாகத் துளைகள் இருக்கும். யார் குந்துகிறார்களோ, அவர்கள் இறங்கும் ஆழத்துக்கு நாலு விரல் கீழே பார்த்துக் கம்பிகளைச் செருக வேண்டும். எழ முடியாமல் போனால் தண்டு கம்பியின்மேல் உட்காரும், ஆளின்மேல் உட்காராது. இழுத்தெடுக்க வசதியாகக் கம்பியின் ஒரு முனையில் வளையம் வைத்து வெல்டு பண்ணியிருந்தது. வளையத்துக்கு அவளே சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தாள்.

எங்கள் ஆட்கள் அந்தக் கம்பியைக் கண்டாலே இளிப்பார்கள். அணித் தலைவர் கர்ஜாவ்பாய்க்கு ஐம்பத்தெட்டு வயது, ஊரில் பெரிய மனுஷன். அந்தக் கம்பிகளுக்கு அவர் வைத்த பெயர் 'தொட்டில் கட்டை'.

"குழந்தை விழுந்துடாம இருக்கத்தான் தொட்டிலுக்குக் கட்டை. ஆம்பளைக்கு எதுக்கு?" என்பார்.

"ஆம்பளைக்கு முட்டி இரும்புலயா செஞ்சு வச்சிருக்கு?" என்பாள் உல்போசின்.

இன்னொரு கூத்தும் உண்டு. எங்கள் ஆட்கள் ஆழமாகக் குந்த மாட்டார்கள். தட்டை அடுக்கு அடுக்காக மாட்டிக்கொண்டு ஒரு சாண் இறங்கி ஏறுவார்கள். யாராவது தொடை தரைக்கு இணையாகும்வரை இறங்கினால், "மருமக வணக்கம் போடுறா பாரு" என்று மற்றவன் கத்துவான். அந்தக் கேலிக்குப் பயந்து ஒரு அணியே அரைகுறையாகக் குந்திக்கொண்டிருந்தது.

"ஏழு வருஷம் அந்த வணக்கம் போட்டவ நான்," என்பாள் அவள். "கேவலம் முட்டிய மடக்குறதுல இல்லடா. யாருக்குப் போட்டோம்கிறதுலதான் இருக்கு. தட்டைப் பாதியாக் குறை. பூட்ஸைக் கழட்டு. இறங்கு."

பூட்ஸ் பெரிய தொல்லை. குதிரையேறும் பூட்ஸுக்குக் குதிகால் உயரம். அதோடு குந்தினால் பாரமெல்லாம் முன்னங்காலுக்குப் போய் முட்டியை நெரிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை எங்கள் முட்டிகள். பேசப் பழகும் முன்பே குதிரையின் விலாவை இரண்டு முட்டியாலும் இறுக்கப் பழகியவர்கள் நாங்கள். பாரம் ஏறினால் எங்கள் முட்டிகள் தாமாக உள்ளுக்குள் வந்து ஒட்டிக்கொள்ளும். குந்தும்போது அப்படி வந்தால் மூட்டுக்குள் இருக்கும் தசைநார் போச்சு.

"உனக்குக் கீழ குதிரை இல்லடா, ஷாய்மெர்தென்," என்று என் முட்டியில் விரலால் தட்டுவாள். "கால் பெருவிரல் எந்தப் பக்கம் பாக்குதோ முட்டியும் அந்தப் பக்கம் போகட்டும். குதிகால் தூக்காத. தண்டு கழுத்துல இல்ல, தோள்ல. கால ஒரு அடி முன்னால வை. மூச்சை வயித்துல அடக்கு. மெதுவா. யாரும் உன்னைத் துரத்தல."

காலையில் அவளிடம் பெண்கள் வருவார்கள். சந்தையில் மூட்டை பிரிக்கிறவர்கள், பிள்ளை பெற்று இடுப்பு விட்டுப்போனவர்கள் என்று இருபது இருபத்தைந்து பேர். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்து, சத்தமில்லாமல் எங்களைவிட நன்றாகக் குந்தினார்கள். எங்களுக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம்.

இப்போது பிப்ரவரிக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சரியான காற்று. மைதானத்து ஓரத்தில் என் குதிரையைக் கட்டியிருந்த மரமுளை முறிந்துவிட்டது. வேறு முளை தேடி ஜிம்முக்குள் போனேன். மெஷினில் அந்தக் கம்பிகள். கைக்கு அடக்கமான கனம், நல்ல நீளம், முனையில் கயிறு கட்ட வளையம் வேறு. குதிரை கட்டுவதற்கென்றே செய்தது என்று நினைத்தேன். வேறு ஊர்க்காரனுக்கு அந்தக் கம்பியைப் பார்த்தால் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. ஒன்றை உருவிக்கொண்டு வந்து தரையில் அடித்தேன்.

கர்ஜாவ்பாய் அந்தப் பக்கம் வந்தார். "நல்ல முளையா இருக்கே. எங்கடா புடிச்ச?"

"ஜிம்லண்ணே. தொட்டில் கட்டை."

"அப்ப இன்னொண்ணு இருக்குமே," என்று அவரே போய் எடுத்து வந்து தன் சாம்பல் நிறக் குதிரைக்கு அடித்தார். இரண்டு பேரும் சிரித்தோம். இரவு பனி கொட்டி வளையங்களை மூடிவிட்டது.

திங்கள் காலை உல்போசின் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்டாள். "மெஷின்ல கம்பி ரெண்டும் இல்ல. யார் எடுத்தது? திட்ட மாட்டேன். சொல்லுங்க."

ஒருவனும் பேசவில்லை. கர்ஜாவ்பாய் வானத்தைப் பார்த்தார். அவள் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு என் முன்னால் நின்றாள். "ஷாய்மெர்தென், உனக்குத் தெரியுமா?"

"எனக்கென்னக்கா தெரியும்?" என்றேன். பதினைந்து ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண்ணிடம் திட்டு வாங்க வெட்கம். அவள் போனதும் பிடுங்கிக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்ற கெட்டிக்காரத்தனம் வேறு.

"சரி. நான் தராஸ் போய் வெல்டர்கிட்ட வேற ரெண்டு வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் மெஷின்ல யாரும் ஏறக் கூடாது," என்றாள். தண்டில் சிவப்புத் துணி கட்டி, கதவைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

நான் முளையைப் பிடுங்கப் போனேன். மேலே சேறு, அதற்குக் கீழே தரை கல்லாக உறைந்திருந்தது. முதுகை வளைத்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் மாவட்டத்திலிருந்து மூன்று விருந்தாளிகள் வந்தார்கள். மார்ச் மாத ஆட்டத்துக்கு முன்னால் அணியைப் பார்க்கிறார்களாம். குதிரைக்கறிக் கஸியும் தேநீரும் ஆனபிறகு, கர்ஜாவ்பாய் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் ஜிம்மைத் திறந்தார். தண்டில் இருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துக் கீழே போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"மௌலென், வா. நம்ம காலைக் காட்டு," என்றார்.

மௌலெனுக்கு இருபத்தேழு வயது, அணியில் அவனைப்போல் குதிரையேற ஆள் கிடையாது. "கம்பி இல்லையேண்ணே," என்றான். அவன் ஒருவனாவது அதைச் சொன்னான்.

"தொட்டில் இல்லாம தூக்கம் வராதாடா உனக்கு?"

விருந்தாளிகள் சிரித்தார்கள். அவன் பூட்ஸோடு போய் நின்றான். நூறு கிலோ மாட்டினான். "இதென்ன, வீட்டுக்காரி தூக்குற தட்டா? இன்னும் போடு," என்றார் கர்ஜாவ்பாய். நூற்று நாற்பது ஆனது. வழக்கம்போல ஒரு சாண் இறங்கி ஏறினான். விருந்தாளி ஒருவர், "குந்துறானா, தலையாட்டுறானா?" என்று கேட்டார். மௌலெனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த தடவை ஒரேயடியாக இறங்கினான். அடியில் போனதும் குதிகால் தூக்கியது, அங்கே இல்லாத குதிரையை முட்டிகள் இறுக்கின. அவன் இடது முட்டியிலிருந்து வந்த சத்தம் சுவரோரம் நின்ற எனக்கே கேட்டது. தோளிலிருந்து பாரத்தைப் பின்னால் தள்ளிவிட்டு ஓட அந்த மெஷினில் வழியில்லை. தண்டு தூண்களோடு சேர்ந்தது, நேராகத்தான் வரும். அவனை மடக்கிக்கொண்டே வந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கி அவனை வெளியே எடுத்தோம்.

அவன் அலறவில்லை. "கம்பி இருந்திருந்தா, அண்ணே," என்று மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னான்.

சாயங்கால பஸ்ஸில் உல்போசின் இரண்டு புதுக் கம்பிகளோடு வந்து இறங்கினாள். மௌலென் அப்போது தராஸ் ஆஸ்பத்திரியில் இருந்தான். அவள் வந்த வழியில் எதிரே போன வண்டியில்தான் அவனைக் கொண்டுபோயிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஜிம்மில் கூட்டம். கர்ஜாவ்பாய் ஒரு காகிதத்தோடு வந்தார். தடுப்புக் கம்பிகள் தொலைந்ததற்கு உல்போசினின் கவனக்குறைவே காரணம், மௌலெனுக்கு நேர்ந்ததற்கு அவளே பொறுப்பு, ஜிம் இன்றோடு மூடப்படும் என்று எழுதியிருந்தது. கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் இந்த ஜிம் போகும், காலையில் வரும் பெண்களுக்குப் போக்கிடம் இருக்காது, வேறெந்த ஊரிலும் அவளை ஒரு மெஷின் பக்கம் விட மாட்டார்கள்.

"பூட்டிட்டுத்தானே போனேன்?" என்றாள் அவள். "துணி கட்டினேன். எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"கம்பியைப் பத்திரமா வச்சிருந்தா பூட்டே தேவைப்பட்டிருக்காது," என்றார் கர்ஜாவ்பாய். "ரெண்டு இரும்பு, தானா நடந்தா போகும்? பழைய இரும்புக் கடைக்குப் போச்சோ என்னவோ. தனியா இருக்கிற பொம்பள, செலவுக்குத் தேவைப்பட்டிருக்கும். நான் யாரையும் குத்தம் சொல்லல."

சொல்லும்போது அவர் குரலில் ஒரு பிசிறு இல்லை. அந்தக் கம்பியில்தான் அவருடைய குதிரை கட்டியிருக்கிறது. அவர் கையாலேயே அடித்தது. எனக்குக் காது இரண்டும் கொதித்தன. மனுஷனா இவர் என்று தோன்றியது. அடுத்த நொடி, நான் மட்டும் யார் என்றும் தோன்றியது. மௌலெனின் முட்டிச் சத்தம் திரும்பவும் கேட்டது.

உல்போசின் பேனாவை வாங்கவில்லை, அழவுமில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தாள். எல்லாரும் தரையைப் பார்த்தோம். "ஒம்பது வருஷமா உங்க முட்டியப் பாத்திருக்கேன்," என்றாள். "ஒருத்தனுக்கும் நாக்கு இல்லையா?"

"என் குதிரை கட்டியிருக்குக்கா," என்றேன். திரும்பச் சொன்னேன். "ஒரு கம்பில என் குதிரை கட்டியிருக்கு. நான்தான் எடுத்தேன்."

"வாயை மூடுடா," என்றார் கர்ஜாவ்பாய்.

"இன்னொண்ணுல இவர் குதிரை. இவரே வந்து எடுத்தாரு."

உல்போசின் மூலையில் இருந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எல்லாரும் பின்னால் போனோம். அவள் காலால் பனியைத் தள்ளினாள். கயிற்றுக்கு அடியில் சிவப்பு வளையம் தெரிந்தது.

"தரை உறைஞ்சு கிடக்கு. ஏப்ரல்ல தானா வரும், விடு," என்றார் கர்ஜாவ்பாய். இருவர் போய் முதுகை வளைத்து இழுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. "நான் சொல்லல?" என்றார்.

"நகருங்க," என்றாள் உல்போசின்.

என் குதிரையை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். கம்பியை இடமும் வலமுமாகச் சுத்தியலால் தட்டினாள். பிறகு பூட்ஸைக் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு அந்தச் சேற்றில் இறங்கி, கம்பிக்கு இருபுறமும் காலை அகட்டி வைத்துக் குந்தினாள். குதிகால் இரண்டும் தரையில். முட்டி இரண்டும் வெளிப்பக்கம். முதுகு நிமிர்ந்து. எங்கள் ஆட்கள் எதைப் பார்த்தால் 'மருமக வணக்கம்' என்று கத்துவார்களோ அதே ஆழம். யாரும் கத்தவில்லை. வளையத்தில் இரண்டு கையையும் கோத்து, மூச்சை அடக்கி, கால்களால் தரையைத் தள்ளினாள். முதல் தடவை வரவில்லை. மறுபடி தட்டினாள், மறுபடி குந்தினாள். மூன்றாவது தடவை கம்பி மண்ணோடு பெயர்ந்து அவளோடு எழுந்தது.

அடுத்தது சாம்பல் குதிரை. அதை அவிழ்த்துக் கயிற்றைக் கர்ஜாவ்பாயின் கையில் வைத்தாள். அதையும் அப்படியே பிடுங்கினாள். முரட்டுக் குதிரை அது. கட்ட முளை இல்லாமல் அவரைச் சேற்றில் இங்கும் அங்கும் இழுத்தது. கையிலிருந்த காகிதம் எங்கே விழுந்தது என்று அவரால் தேடக்கூட முடியவில்லை. அவரை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் ஜிம்முக்கு நடந்தோம்.

இரண்டு கம்பிகளும் வளைந்திருந்தன, துளைக்குள் போகவில்லை. அவற்றைச் சுவரில் சாத்திவிட்டுப் புதுக் கம்பிகளைச் செருகினாள். ஜிம் மூடப்படவில்லை. அவளிடம் யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. கர்ஜாவ்பாய் இன்றைக்கும் விருந்துகளில் மூத்தவருக்கான இடத்தில்தான் உட்கார்கிறார், மரியாதைக்கு வைக்கும் ஆட்டுத்தலை அவர் முன்னால்தான் வைக்கப்படுகிறது. நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

எல்லாரும் போனபிறகு நான் நின்றேன். "அக்கா, கம்பிய எடுத்தது தப்புதான்," என்றேன்.

"கம்பிய எடுத்தது முட்டாள்தனம்," என்றாள். "முட்டாள்தனத்துக்கு நான் கோவப்பட மாட்டேன். திங்கக்கிழமை உன்னைக் கேட்டேன். பேர் சொல்லிக் கேட்டேன். நீ ஒத்த வார்த்த சொல்லியிருந்தா அப்பவே புடுங்கி மாட்டியிருப்பேன். பஸ் ஏறியிருக்க மாட்டேன். நான் இங்க இருந்திருந்தா, அந்த ஆளு அந்தத் துணிய அவுத்திருக்க முடியுமாடா?"

சுவரில் சாத்தியிருந்த வளைந்த கம்பிகளில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மௌலெனுக்கு ஆபரேஷன் ஆயிற்று. இனிக் குதிரையேறக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நடக்க வேண்டுமானால் காலுக்குப் பலம் வேண்டும். செப்டம்பரில் ஊன்றுகோலோடு ஜிம்முக்கு வந்தான். உல்போசின் அவன் செருப்பைக் கழற்றச் சொல்லி, வெறும் தண்டை அவன் தோள் உயரத்தில் வைத்து, அவன் இறங்கும் அளவுக்கு நாலு விரல் கீழே கம்பிகளைச் செருகினாள். ஒரு தடவை ஆளில்லாமல் தண்டை இறக்கி, அது கம்பியில் உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

மௌலென் தண்டுக்கு அடியில் போய் நின்று, திரும்பி என்னைப் பார்த்தான். நடந்ததெல்லாம் அவனுக்குத் தெரியும். இருந்தும், "அண்ணே, கொஞ்சம் பின்னாடி நில்லு. பயமா இருக்கு," என்றான்.

நான் ஓடிப் போய் நின்றேன்.

"அவன் வேணாம்," என்றாள் உல்போசின். "கம்பி இருக்கு. கம்பி போதும்."

நான் சுவரோரமாகப் போய் நின்றேன். மௌலென் மெதுவாக இறங்கினான்.